மூடிய நூற்பாலை, கலைக்கூடமான ஆலை: இரண்டையும் படமெடுப்பது எப்படி?

#1 தறிச்சத்தம்

இரண்டு இடங்களில் படமெடுக்க அனுமதி கையில் இருக்கிறது. ஒன்று, இயந்திரங்களை எல்லாம் இரும்புக்கு விற்றுவிட்டுப் பூட்டிப் போட்ட நூற்பாலை. மற்றொன்று, ஏறக்குறைய அதே காலத்தில் கட்டி, இப்போது ஓவியக்கூடம், நாடக அரங்கு, சிறு பட்டறைகள் என்று மாற்றியமைத்த ஆலை. இரண்டும் ஒரே தொகுப்பாக வர வேண்டும். முழுச்சட்டக கேமரா, 24-70 லென்ஸ், முக்காலி உண்டு.

கேள்விகள்: காலிக் கூடத்தில் எதை எடுப்பது? ஜன்னல் வெளுத்து, மூலை கறுத்துப் போவதை எப்படிச் சமாளிப்பது? உள்ளே எதெல்லாம் ஆபத்து? மாற்றியமைத்த இடத்தின் படங்கள் உள் அலங்கார விளம்பரம் போல ஆகாமலிருக்க என்ன செய்யலாம்?

#2 நூற்கண்டு

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன், பஞ்சு போன வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். நூற்பாலையில் அந்த வரிசை பெரிதாக மாறாது: பேல் (பஞ்சுப் பொதி) பிரிக்கும் இடம், ப்ளோரூம் (பஞ்சை உதிர்த்துத் தூசி நீக்குவது), கார்டிங் (இழைகளைச் சீவுவது), டிராயிங் (இழைக்கட்டை நீட்டிச் சீராக்குவது), சிம்ப்ளக்ஸ் (அதை மெலிதாக்கிச் சற்றே முறுக்குவது), ஸ்பின்னிங் (நூலாக நூற்பது), வைண்டிங் (நூலைச் சுற்றுவது), பேக்கிங். இயந்திரம் போயிருந்தாலும் எது எங்கே நின்றது என்று தரையும் சுவரும் காட்டிக்கொடுத்துவிடும்.

ப்ளோரூம் சுவரில் ஆள் தலைக்கு மேலே வட்டமாக ஓட்டைகள் இருக்கும். பஞ்சைக் காற்றோடு கார்டிங்குக்குத் தள்ளிய குழாய்கள் நுழைந்த இடம் அது. கார்டிங் பகுதியில் தரைக்கடியில் கழிவு போகும் கால்வாய், மேலே இரும்புத் தட்டு. ஸ்பின்னிங் கூடத்தில் நீள நீளமாக, இணையாக, வெளிறிய பட்டைகள் ஓடும். ரிங் ஃப்ரேம்கள், அதாவது நூற்கும் இயந்திரங்கள், நின்ற தடம். இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் குனிந்து பாருங்கள்: தரை வழுவழுவென்று பளபளக்கும். இழை அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி இழையைச் சேர்த்தவர்களின் கால் தேய்த்த பளபளப்பு. பட்டையின் ஒரு முனையில் மட்டும் எண்ணெய்க் கறை கெட்டியாக இருந்தால், ஃப்ரேமின் கியர் பக்கம் அங்கே இருந்திருக்கிறது. கூரையோரம் ஓடும் பெரிய தகரக் குழாய்களைப் பலர் இடைஞ்சல் என்று வெட்டிவிடுவார்கள். ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும், நிலைமின்சாரம் ஏறும். அதைத் தடுக்க ஈரக்காற்றைக் கொண்டுவர வைத்த குழாய் அது. நூற்பாலையின் அடையாளங்களில் ஒன்று.

இந்தத் தடங்கள் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாது. சாய்வாக, தரையை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் வேண்டும். பக்கச் சுவரில் ஜன்னல் இருந்தால் காலையில் முதல் ஒரு மணி நேரமோ மாலையில் கடைசி ஒரு மணி நேரமோ போதும். ஜன்னல் இல்லாவிட்டால் டார்ச்சைத் தரையிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில் பிடித்து, 3 - 4 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் அடியுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் திறப்பின் அளவு), 15 விநாடி. அந்த 15 விநாடியும் டார்ச்சை மெல்ல அசைத்தபடி இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் வெள்ளைத் திட்டு விழும்.

எந்த வேலை நடந்தது என்று தெரியாமல் எடுத்தால், எல்லா ஆலையும் படத்தில் ஒரே ஆலையாகத்தான் வரும்: உடைந்த கண்ணாடி, உரிந்த சுண்ணாம்பு, ஒரு ஒளிக்கற்றை. மாற்றியமைத்த ஆலைக்கும் இதே வழிதான். பஞ்சு போன வழி அங்கேயும் சுவருக்குப் பின்னால் இருக்கும்.

#3 துருப்பிடித்த_படி

பாதுகாப்பு பற்றி நான் எழுதுகிறேன். இதைப் படிக்காமல் யாரும் உள்ளே போக வேண்டாம்.

பழைய ஆலையில் முதல் எதிரி கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அலைத்தகடு கூரையில் இருக்கும், நீராவிக் குழாய்களின் வெள்ளை உறையில் இருக்கும், பாய்லர் அறைக் கதவின் ஓரப்பட்டையில் இருக்கும். இறுகிக் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. உடைந்து தூளாகிக் காற்றில் ஏறினால்தான் நுரையீரலுக்குப் போகும். சாதாரண என்95 முகக்கவசம் கல்நாருக்கானது இல்லை. எஃப்எஃப்பி3 அல்லது பி100 வடிகட்டி வைத்த அரைமுகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று கசியும், போட்டும் பயனில்லை. போட்டதும் வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். கவசம் முகத்தோடு சப்பினால் சரி. குழாய் உறை கிழிந்து தொங்கும் அறை என்றால் கவசத்தை நம்பிக்கூட நுழையாதீர்கள். வாசலில் நின்று எடுங்கள்.

படம் சுத்தமாக வரட்டும் என்று தரையைப் பெருக்குவது, குவிந்த தூசியை ஊதுவது, இரண்டும் கூடாது. வெளியே வந்ததும் முக்காலியின் கால்களையும் பையின் அடிப்பக்கத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். அழுத்தக் காற்று அடித்தால் தூசி திரும்ப உங்கள் மூக்குக்கே வரும். மேல்சட்டையைத் தனிப் பையில் கட்டுங்கள். புறா எச்சம் மண்டிய மாடிக்கும் இதே கவசம் வேண்டும். அதைக் கிளறினால் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் கிளம்பும்.

இரண்டாவது, இரும்பு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாக வீங்கும். அதனால் மாடிப்படித் தட்டு தடிமனாகத் தெரியும். உள்ளே நல்ல இரும்பு காகிதம் அளவுக்குத்தான் மிச்சமிருக்கும். கண்ணை நம்பாதீர்கள். இரும்புச் சல்லடைத் தட்டு போட்ட நடைபாதையில், கட்டடம் தெரிந்தவர் முன்னால் நடக்காமல் கால் வைக்கக் கூடாது. அலைத்தகடு கூரை மேல் ஏறவே கூடாது, யார் கூட இருந்தாலும் சரி. அதன் ஒளிபுகும் தகடுகள் அழுக்கேறியதும் மற்றத் தகடுகளோடு கலந்துவிடும், வித்தியாசம் தெரியாது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மூடிய தொட்டி, நிலத்தடிக் கால்வாய், குழி. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பல வருடம் மூடிக்கிடந்த இரும்புத் தொட்டியில் உயிர்வாழப் போதுமான ஆக்சிஜன் இருக்காது. சாதாரணக் காற்றில் சுமார் 21 சதவீதம், 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது கணக்கு. அதற்கு வாசனையும் கிடையாது. சாக்கடைக் கால்வாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர்கள்தான் செத்திருக்கிறார்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து எடுக்கவும் வேண்டாம்.

மூடிய ஆலையில் மின்சாரமும் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காவல் விளக்குக்காக, தண்ணீர் இறைக்க, ஏதோ ஒரு லைன் உயிரோடு இருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் கசிந்து கிடந்தால் அந்த எண்ணெயை மிதிக்காதீர்கள், பிசிபி என்ற நச்சு ரசாயனம் கலந்ததாக இருக்கலாம்.

மூன்று பேராகப் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் ஆள் கூட்டிவர.

#4 மூன்றாம்கால்

வெளிச்சக் கேள்விக்கு வருகிறேன். வெயில் நாளில் ஜன்னலுக்கும் உள்மூலைக்கும் வித்தியாசம் 10 ஸ்டாப்புக்கு மேல் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஒரே ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) அடங்காது என்று சொல்ல மாட்டேன், இன்றைய சென்சார்கள் ஜன்னலுக்கு எடுத்த படத்திலிருந்து நிழலை 3 ஸ்டாப் தூக்கினாலும் தாங்கும். அதற்கு மேல் தூக்கினால் நிழலில் நிறப் புள்ளிகள் கிளம்பும். அப்போது பிராக்கெட், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் பல படமாக எடுத்து இணைப்பது.

ஐஎஸ்ஓ 100, எஃப்/8 அல்லது எஃப்/11, இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஷட்டர் மட்டும் மாற வேண்டும். அப்பர்ச்சர், அதாவது எஃப் எண், மாறினால் குவிய ஆழம் (தெளிவாகத் தெரியும் தூரம்) மாறி, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. ஜன்னல் ஹிஸ்டோகிராமின் (கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது சுவரை முட்டாத வேகத்தில் தொடங்கி, 2 ஸ்டாப் இடைவெளியில் மெதுவாக்கிக்கொண்டே போங்கள். இருட்டு மூலை இடது சுவரை விட்டு விலகியதும் நிறுத்திவிடலாம். பெரும்பாலும் 5 படத்தில் முடியும்: 1/60, 1/15, 1/4, 1, 4 விநாடி என்பது போல. எஃப்/16க்கு மேலே போகாதீர்கள், ஒளி வளைந்து எல்லாம் மங்கும்.

24 மிமீ லென்ஸில் எஃப்/11 என்றால் கணக்குப்படி 1.75 மீட்டரில் குவித்தால் 0.9 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. ஆனால் அந்தக் கணக்கு சின்னப் பிரதிக்கு. பெரிதாக அச்சிட, 3 மீட்டர் தள்ளிக் குவியுங்கள். கூடத்தின் மறுகோடியில் இருக்கும் ஜன்னல் சட்டம் நன்றாக வரும்.

கெட்டுப்போவது எங்கே? முதலாவது மேகம். 5 படம் எடுத்து முடிப்பதற்குள் சூரியன் மறைந்தால் தரையில் விழுந்த ஒளித்திட்டு ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இணைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பேய்த்திட்டு வரும். பாதியில் மறைந்தால் முதலிலிருந்து எடுங்கள். இரண்டாவது முக்காலி. பழைய மாடியின் மரத்தளம் உங்கள் நடையிலேயே அதிரும். பட்டனை அமுக்கியபின் 10 விநாடி டைமர் ஓடும்வரை அசையாமல் நில்லுங்கள். நடுத்தண்டைத் தூக்காதீர்கள். மூன்றாவது, உள்ளே கண்ணாடி வைத்த கேமராவாக (டிஎஸ்எல்ஆர்) இருந்தால் நீண்ட எக்ஸ்போஷரில் வ்யூஃபைண்டர் வழியே பின்னாலிருந்து வெளிச்சம் புகும். மூடிவிடுங்கள்.

லென்ஸ் மாற்றுவதைக் கூடத்துக்குள் செய்யாதீர்கள். பஞ்சுத்தூசி மெல்லிய இழையாக வந்து சென்சாரில் ஒட்டும், எஃப்/11ல் எடுத்த ஒவ்வொரு வானத்திலும் புழு போலத் தெரியும். அன்றைக்கு ஒரு லென்ஸ் என்று முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

#5 வெள்ளிப்படலம்

ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ஒளிமீட்டர் 10 விநாடி சொன்னால் 10 விநாடி கொடுத்தால் போதாது, நீண்ட நேரத்தில் ஃபிலிம் சோர்ந்துவிடும். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸுக்கு நிறுவனமே தரும் அடுக்கு 1.31. அதாவது மீட்டர் காட்டும் விநாடியை 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: 10 விநாடி சுமார் 20 ஆகும், 30 விநாடி சுமார் 86 ஆகும். ஃப்யூஜி ஆக்ரோஸுக்கு 120 விநாடி வரை திருத்தமே தேவையில்லை. இருட்டுக் கூடத்துக்கு அதைக் கொண்டுபோவது அதனால்தான்.

#6 நேர்க்கோடு

ஆலையில் செங்குத்துக் கோடுகள்தான் உயிர். தூண், புகைபோக்கி, ஜன்னல் சட்டம். கேமராவை 10 டிகிரி அண்ணாந்தாலே எல்லாம் உள்ளே சாய்ந்து, கட்டடம் பின்பக்கம் விழுவது போல ஆகிவிடும். கேமராவை மட்டமாக வைத்துவிட்டு, உயரத்தை வேறு வழியில் பிடிக்க வேண்டும்.

கணக்கோடு சொன்னால் புரியும். 60 மீட்டர் புகைபோக்கி. முழுச்சட்டக கேமரா, 24 மிமீ, நெட்டுவாக்கில், மட்டமாக. கேமரா கண் உயரத்தில் இருந்தால் உச்சி சட்டத்துக்குள் வர சுமார் 78 மீட்டர் பின்னால் போக வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. அதை வெட்டிவிடலாம், பாதிப் பிக்ஸல் போய்விடும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் 12 மிமீ மேலே நகர்த்தக்கூடிய டில்ட்-ஷிஃப்ட் லென்ஸாக இருந்தால் 47 மீட்டரிலேயே அடங்கும், வெட்டவும் வேண்டாம். இப்படிப்பட்ட லென்ஸை வாடகைக்கு எடுத்தால் போதும், இரண்டு நாள் வேலைக்கு வாங்கத் தேவையில்லை.

கணினியில் நிமிர்த்துவதும் நடக்கும். ஆனால் மேல்பகுதி இழுபட்டு மங்கும், ஓரங்கள் வெட்டுப்படும். அப்படிச் செய்வதானால் எடுக்கும்போதே இரண்டு பக்கமும் கால்வாசி இடம் விட்டு எடுங்கள்.

ஜெர்மன் புகைப்படக் கலைஞர்களான பெர்ண்ட் - ஹில்லா பெக்கர் தம்பதியின் படங்களைப் பாருங்கள். 1959லிருந்து சேர்ந்து வேலை செய்தவர்கள். ஊதுலை, தண்ணீர்த் தொட்டி, சுரங்க ஏற்றக் கோபுரம் என்று ஒவ்வொரு வகையையும் பெரிய தட்டு கேமராவில், மேகமூட்டமான நாளில், ஒரே மாதிரிக் கோணத்தில் எடுத்து, கட்டம் கட்டி அடுக்கினார்கள். 1990ல் வெனிஸ் பியனாலேயில் அவர்களுக்குக் கிடைத்த தங்கச் சிங்கம் சிற்பத்துக்கான பரிசு. புகைப்படத்துக்குச் சிற்பப் பரிசு! மேகமூட்டம் எதற்கு என்றால், நிழல் விழாது, குழாயும் ஏணியும் சட்டமும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். தரையிலிருந்து அண்ணாந்து எடுக்காமல், ஏணி மேலோ எதிர்க்கட்டடத்திலோ ஏறி, பொருளின் நடு உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனார்கள்.

உங்கள் இரண்டு ஆலைக்கும் இது பொருந்தும். பழைய ஆலையில் 9 ஜன்னல், மாற்றியமைத்த ஆலையில் அதே அளவு 9 ஜன்னல், ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே லென்ஸ். அடுத்தடுத்து வைத்தால் என்ன மாறியது என்று விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

#7 அந்திவெளிச்சம்

நூற்கண்டு சொன்ன டார்ச் யோசனைக்கு நான் மறுப்பு. இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுபோய் அடித்தால், அந்தக் கூடம் எப்படி இருந்தது என்ற உண்மை போய்விடுகிறது. அதே மாதிரி மூன்றாம்கால் சொல்லும் 5 படத்தை இணைத்து, மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாக இழுத்துவிட்டால் ஆலையில் இருட்டே இல்லாமல் போகும். ஆலை இருட்டாகத்தான் இருந்தது. அந்த இருட்டில்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை.

#8 நூற்கண்டு

அந்திவெளிச்சம், இருட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முழுசாக ஏற்கிறேன். தரைத் தடத்தை எடுக்கும் டார்ச் படம் வேறு வகை, அது ஆவணம். கல்வெட்டைப் படி எடுக்கச் சாய்வாக வெளிச்சம் அடிப்பது போல. கூடத்தின் முழுப் படத்தில் டார்ச் வேண்டாம். இரண்டையும் கலந்து ஒரே படமாக்கினால்தான் பொய்.

ஆனால் ஓடிய ஆலை இருட்டு என்பது எல்லா இடத்துக்கும் உண்மையில்லை. ரம்பத்தின் பல் போல வரிசையாக நிற்கும் ரம்பப்பல் கூரை எதற்கு வந்தது? பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் அதன் கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கும், தெற்கே உள்ள நாடுகளில் தெற்கு நோக்கும். நேர் வெயில் விழாமல், நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்க. இப்போது இருட்டாக இருந்தால் கண்ணாடியில் அழுக்கேறியது, பெயின்ட் அடித்தது, தகரம் போட்டு மறைத்தது இவற்றில் ஏதோ ஒன்று காரணம். அந்தக் கூரை சுத்தமாக இருக்கும் இடத்தில் காலை, மாலை என்று காத்திருக்க வேண்டியதில்லை, நடுப்பகலிலும் எடுக்கலாம். பெய்ஜிங்கின் 798 கலைப் பகுதி 1950களில் கிழக்கு ஜெர்மானிய உதவியோடு கட்டிய மின்னணு ஆலை. அதன் வளைந்த ரம்பப்பல் கூரை வெளிச்சம்தான் ஓவியர்களை அங்கே இழுத்தது. கூரை வளைவில் சிவப்பில் எழுதிய பழைய முழக்கங்களை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். கூடத்தை எடுக்கும்போது படச்சட்டத்தைச் சற்று மேலே தூக்கி, அந்த எழுத்தும் கீழே ஓவியமும் ஒன்றாக விழும்படி நில்லுங்கள்.

#9 மூன்றாம்கால்

நானும் ஏற்கிறேன். இணைக்கும்போது நிழலை நடுச்சாம்பல் வரை தூக்காதீர்கள். உள்ளே நின்றபோது கண்ணுக்கு எந்த மூலை தெரியவில்லையோ, அதைப் படத்திலும் கறுப்பாக விடுங்கள். பிராக்கெட் எடுப்பது ஜன்னலைக் காப்பாற்ற, இருட்டை விரட்ட இல்லை. படங்களைத் தானாக இணைக்கும் எச்டிஆர் மென்பொருளில் போட்டால்தான் அந்த அலுமினியப் பூச்சு மாதிரித் தோற்றம் வருகிறது. இரண்டு படத்தை அடுக்கி, ஜன்னல் பகுதியை மட்டும் மாற்றும் முகமூடி (மாஸ்க்) வரைந்தால் வராது.

#10 பாய்லர்_வாசல்

ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லணும். 2003ல் ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் தொழில் மரபுக்கான சர்வதேசக் குழு ஏற்ற சாசனம் இதைத்தான் சொல்லுது: வேலை நிக்கிறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணினா நிறையத் தகவல் கிடைக்கும், கட்டடத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி முழுப் பதிவும் எடுத்துப் பொது ஆவணத்துல சேர்த்துடணும். மூடப்போற ஆலை எதுவும் தெரிஞ்சா அங்க முதல்ல போங்க.

ஓடுற ஆலையில கேமராவே ஆபத்து சில இடத்துல. பெயின்ட் அடிக்கிற பகுதி, கரைப்பான் சேமிக்கிற அறை, மாவு, சர்க்கரைத் தூசி பறக்கிற இடம், இங்கெல்லாம் சாதாரண கேமராவோ ஃபிளாஷோ கொண்டுபோக விட மாட்டாங்க. ஒரு பொறி போதும். பாதுகாப்பு அதிகாரிகிட்ட வெடிப்பு அபாயப் பகுதி எதுன்னு குறிச்ச வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. லேசர் வெட்டுற இயந்திரம் பக்கம் லென்ஸைத் திருப்பாதீங்க, பிரதிபலிச்ச கதிர் பட்டாலே சென்சார்ல நிரந்தரக் கோடு விழும். வெல்டிங் வெளிச்சத்தை நேரா வெறும் கண்ணாலயோ வ்யூஃபைண்டர் வழியாவோ பார்க்கக் கூடாது, திரையில பாருங்க.

விளக்கு துடிக்கிறது இன்னொரு தொல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல குழல் விளக்கு ஒரு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/500ல எடுத்தா படத்துல பட்டை பட்டையா விழும், ஒரு படம் மஞ்சளா ஒரு படம் பச்சையா வரும். 1/100, 1/50 வெச்சா அடங்கிடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுல 1/120, 1/60. எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைச்சு மெக்கானிக்கலுக்குப் போங்க. பழைய ஆரஞ்சு சோடியம் விளக்கு, குறைந்த அழுத்த வகைன்னா, அது 589 நானோமீட்டர்ல ஒரே நிறம்தான் தரும். கேமராவோட எந்த வொயிட் பேலன்ஸும் (நிறத் திருத்த அமைப்பு) அதைத் திருத்தாது, கறுப்பு வெள்ளைக்கு மாத்திடுங்க.

#11 தறிச்சத்தம்

மிக்க நன்றி. அனுமதிக் கடிதத்தில் நாள் மட்டும்தான் இருக்கிறது. வேறு எதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்? இரண்டாவது ஆலையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

#12 துருப்பிடித்த_படி

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பேர், எத்தனை மணிக்கு நுழைந்து எத்தனை மணிக்கு வெளியேறுவது, எந்தக் கட்டடங்கள், எந்தக் கட்டடங்களுக்குள் போகக் கூடாது, முக்காலியும் டார்ச்சும் உண்டு என்பது, படம் கண்காட்சிக்கா வணிகத்துக்கா, விபத்துக்குப் பொறுப்பு யாருடையது. ஆலை மூடியபின் உரிமை வங்கியிடமோ கலைப்பு அலுவலரிடமோ கட்டுமான நிறுவனத்திடமோ போயிருக்கும். வாசலில் சாவி வைத்திருப்பவர் சொல்வது மட்டும் போதாது, கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பராமரிப்பில் வேலை பார்த்த பழைய ஃபிட்டர் ஒருவர் கூட வர முடியுமா? எந்தத் தளம் எப்போதோ தளர்ந்தது, எந்த வால்வு எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும்.

எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து எடுத்த படங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. அதில் இருக்கும் பெயர்கள் உயிரோடு இருக்கும் மனிதர்களுடையவை. டெட்ராய்ட் நகரின் பாழடைந்த ஆலைப் படங்கள் குவிந்தபோது அந்த ஊர் மக்கள் கோபப்பட்டது இதற்காகத்தான்: இடிபாடு இருந்தது, அவர்கள் இல்லை.

#13 புதுச்சுவர்

மாற்றியமைத்த ஆலைக்கு என் பதில் ஒரே வரி: பழையதும் புதியதும் சந்திக்கும் விளிம்பைத் தேடுங்கள். செங்கல் சுவருக்குள் புதிய இரும்புச் சட்டம் எப்படி நுழைகிறது, பழைய தரைக்கும் புதிய தரைக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம், கிரேன் ஓடிய தண்டவாளத்தில் இப்போது என்ன தொங்குகிறது. அங்கேதான் கட்டடக் கலைஞரின் முடிவு தெரியும். அதை விட்டுவிட்டு காபிக் கோப்பை, தொங்கும் பல்பு, செங்கல் சுவர் என்று எடுத்தால்தான் விளம்பரமாகிறது.

கேப் டவுனில் 2017ல் திறந்த ஸைட்ஸ் அருங்காட்சியகம் நல்ல பாடம். தானியக் குதிர்களின் கான்கிரீட் குழாய்களைக் குறுக்கே வெட்டி நடுவே கூடம் எடுத்தார்கள். வெட்டிய விளிம்பில் கான்கிரீட்டின் ஜல்லிக் கல் தெரிகிறது, அதை நெருங்கி எடுத்தால் கதை முழுக்க வந்துவிடும். சாவோ பாலோவின் செஸ்க் பொம்பெயா என்ற பண்பாட்டு மையம் பழைய இரும்புப் பீப்பாய்த் தொழிற்சாலை. கட்டடக் கலைஞர் லினா போ பார்தி பூச்சைச் சுரண்டி உள்ளே இருந்ததை வெளியே காட்டினார். பக்கத்தில் புதிதாகக் கான்கிரீட் கோபுரங்கள் எழுப்பி, நடைபாலங்களால் இணைத்தார். லண்டனின் டேட் மாடர்ன் 1981ல் நின்றுபோன மின்நிலையம், 2000ல் திறந்தது. டர்பைன் கூடம் சுமார் 35 மீட்டர் உயரம், ஆள் இல்லாமல் எடுத்தால் அந்த அளவு புரியாது. ஜெர்மனியின் டுயிஸ்பர்க் பூங்காவில் 1985ல் நின்ற ஊதுலையை இடிக்காமல் விட்டார்கள், எரிவாயுத் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பி நீர்மூழ்கப் பழகுகிறார்கள். இரவில் ஊதுலைக்கு வண்ண விளக்கு போடும் இடம். சூரியன் மறைந்து 20 முதல் 40 நிமிடத்துக்குள், வானம் நீலமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வானம் கறுத்தபின் குழாய்களின் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும்.

உள்ளே வெளிச்சக் கலப்புதான் தலைவலி. கூடத்து விளக்கின் நிறம் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்), ஜன்னல் வெளிச்சம் 5500க்கு மேல் (நீலச் சாயல்). எதற்குச் சரிசெய்தாலும் மற்றது நீலமாகவோ ஆரஞ்சாகவோ போகும். பொறுப்பாளரிடம் கேட்டு 10 நிமிடம் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முக்காலி அசையாமல் அணைத்து ஒன்று, போட்டு ஒன்று எடுத்து, தனித்தனியே நிறம் திருத்திப் பின் இணையுங்கள். அணைக்க முடியாது என்றால், நிறம் திருத்த உதவும் சாம்பல் அட்டையைப் பொருளின் மேலேயே வைத்து ஒரு படம். ஓரத்தில் ஜன்னல் நீலமானால் ஆகட்டும்.

ஆட்கள் விஷயத்தில், அளவு காட்ட ஒருவர் நின்றால் 1/60. நடமாட்டம் மட்டும் மங்கலாக வேண்டுமென்றால் 1/4 முதல் 1/2. யாருமே வேண்டாமென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி வடிகட்டியை லென்ஸில் போடுங்கள்: 1/30 என்பது சுமார் 34 விநாடி ஆகும், நடப்பவர்கள் மறைந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் மறைய மாட்டார். முக்காலிக்குத் தடை இருந்தால் தூணில் சாய்ந்து, ஐஎஸ்ஓ 1600, 1/15, தொடர்ச்சியாக மூன்று படம்; நடுவில் இருப்பது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்துக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம், வெளியிடும் முன் கேளுங்கள்.

#14 நேர்க்கோடு

ஆலையின் பழைய படம் ஏதாவது கிடைத்தால் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். தொகுப்புக்கு அதுவே முதுகெலும்பு. நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. பழைய படத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு தூணின் விளிம்பு, தூரத்து ஜன்னலை எங்கே வெட்டுகிறது என்று குறியுங்கள். இடது ஓரத்தில் ஒரு ஜோடி, வலது ஓரத்தில் ஒரு ஜோடி. நேரில் பார்க்கும்போது பக்கத்துத் தூண் எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ அந்தப் பக்கமே நீங்களும் நகர வேண்டும். தூரத்துப் பொருட்களுக்கிடையே உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால், பக்கத்துத் தூண்களுக்கிடையே இடைவெளி பழைய படத்தைவிடக் குறைவாக இருந்தால் முன்னால் போங்கள். உயரத்துக்கும் இதே முறை. லென்ஸைப் பற்றி முதலில் யோசிக்கவே வேண்டாம், அது படத்தின் ஓரத்தை மட்டும்தான் மாற்றும். இடம் சரியானபின் ஜூம் செய்தால் போதும்.

#15 தறிச்சத்தம்

கடைசியாக ஒன்று: ஒரே மாதிரியான கூடம் ஐந்தாறு இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் எந்தப் படம் எங்கே எடுத்தது என்று எப்படி வைத்துக்கொள்வது?

#16 நூற்கண்டு

தூண்களைப் பாருங்கள். பெரும்பாலான ஆலைகளில் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண் என்று பெயின்ட் அடித்திருப்பார்கள், பராமரிப்புக்காக. இல்லாவிட்டால் நீங்களே வரைபடத்தில் இட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதல் படமாகத் தூண் எண்ணைக் கைப்பேசி வெளிச்சத்தில் எடுங்கள், அடுத்த படங்களெல்லாம் அந்தத் தூணைச் சேர்ந்தவை. கோப்பின் பெயரில் தூண், பார்க்கும் திசை, வரிசை எண். 1969ல் தொடங்கிய அமெரிக்கப் பொறியியல் மரபுப் பதிவுத் திட்டத்தில் ஒரு படத்திலாவது அளவுக்கோல் சேர்ப்பார்கள். நீங்களும் 1 மீட்டர் கம்பில் 10 செமீக்கு ஒரு முறை கறுப்பு, வெள்ளை அடித்துக் கொண்டுபோங்கள். சந்தின் குறுக்கே வைத்து ஒரு படம், எடுத்துவிட்டு ஒரு படம். பிறகு ஃபிட்டரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் சந்தின் அகலத்தைப் பார்த்தே எந்த மாடல் ஃப்ரேம் நின்றது என்று அவர் சொல்லக்கூடும். அதைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.